ரத்தசோகை பற்றி எழுதும்போது மாதவிடாயையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் ரத்தசோகை பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், ஆட்டுச் சுவரொட்டி சாப்பிடுங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், சத்து மாத்திரையை விடாதீர்கள் என்று எல்லாமே சரியான அறிவுரைகள்தான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. பாதிக்கு மேல். அதனால் இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். என் குறை ஒன்றுதான். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிற யாரும், மாதாமாதம் உனக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, எத்தனை நாள் போகிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்பதில்லை. கட்டுரைகளிலும் இல்லை, பல நேரம் ஆஸ்பத்திரியிலும் இல்லை, வீட்டில் சுத்தமாக இல்லை.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில், நூற்பாலைகள் அதிகம் உள்ள ஒரு பகுதியில் மருந்துக்கடை நடத்துகிறேன். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மில் வேலைக்குப் போகிற பெண்கள், அல்லது அவர்களுக்காக வருகிற அம்மா, அண்ணன், கணவர். மாதவிடாய் வலிக்கு மாத்திரை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. காலி அட்டையை நீட்டுவார்கள், இல்லையென்றால் “அக்கா, வயித்து வலிக்கு அந்த மாத்திரை” என்பார்கள், எனக்குப் புரிந்துவிடும். அதோடு பெரிய சைஸ் நாப்கின் ரெண்டு பாக்கெட், அப்புறம் ஒரு இரும்புச்சத்து டானிக். இந்த மூன்றும் மாதம் தவறாமல் ஒரே பில்லில் வந்தால், அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு அளவுக்கு மேல் ரத்தம் போகிறது, அவளை இன்னும் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கூட்டிப்போயிருந்தால் கையில் சீட்டு இருக்கும். சீட்டு எங்கே என்று கேட்டால் சிலர் முகம் சுருங்கி அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே கேட்காமலே கிடைத்துவிடுகிறது.

வலி எல்லாருக்கும் வருவதுதானே என்பார்கள். வருவதுதான். கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது, அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது, அந்த இறுக்கத்தில் தசைக்குப் போகிற ரத்தமும் குறைகிறது, அதனால்தான் அந்தப் பிசையல். அதே பொருள் குடலிலும் வேலை செய்வதால் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்குகூட வரும். முதல் ஒன்றிரண்டு நாளில் வந்து, ஒரு மாத்திரையிலோ வெந்நீர் ஒத்தடத்திலோ அடங்கி, வேலையைப் பார்க்க விடுகிற வலியென்றால் பெரும்பாலும் பயமில்லை. ஒத்தடத்தைப் பாட்டி வைத்தியம் என்று தள்ள வேண்டியதில்லை, சூடு இந்த வலியைக் குறைப்பது ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். வலி மாத்திரை சாப்பிடுவதும் தப்பில்லை. மெஃபெனமிக் அமிலமோ ஐபுபுரூஃபனோ, புரோஸ்டாகிளாண்டின் சுரப்பையே குறைக்கிறவை, அதனால் வலி ஆரம்பிக்கும்போதே, சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால்தான் பலன். துடித்துத் துடித்துப் பார்த்துவிட்டு ராத்திரி வெறும் வயிற்றில் ரெண்டாகப் போடுவதுதான் நம் பெண்கள் செய்வது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. மெஃபெனமிக் அமிலத்தால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம், தோலில் தடிப்பு, காய்ச்சல் வந்தால் கவனியுங்கள் என்று இந்திய மருந்தியல் ஆணையமே 2023 கடைசியில் எச்சரித்தது. பயந்து நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மிட்டாய் மாதிரி வாங்கித் தின்கிற பொருள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மாத்திரைக்கு அடங்காத வலி வேறு. வருஷத்துக்கு வருஷம் கூடுகிற வலி, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் இருக்கிற வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் போகும்போதோ குத்துகிற வலி, தாம்பத்திய உறவின்போது வருகிற வலி, முப்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த வலி, இதெல்லாம் காரணம் தேட வேண்டிய வலிகள். எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒன்று இருக்கிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடலைச் சுற்றியும் வளர்வது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. வலி தொடங்கிப் பல வருஷம் கழித்துத்தான் இது கண்டுபிடிக்கப்படுகிறது, சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ‘ஸ்கேன் நார்மல், ஒண்ணுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கேன் நார்மலாக இருந்தால் வலி பொய் என்று ஆகிவிடாது, இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாம்.

இப்போது ரத்தப்போக்குக்கு வருகிறேன், இதுதான் என்னை எழுத வைத்தது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று பாடத்தில் படித்தோம், ஆனால் வீட்டில் யார் அளந்து பார்ப்பது? அதனால் இப்போது மருத்துவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். போகிற ரத்தம் உன் அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறதா, அப்படியானால் அது அதிகம்தான், மில்லி கணக்கு வேண்டாம். ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, ஒன்றின் மேல் ஒன்று ரெண்டு வைக்கிறாயா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கறை படுமே என்று பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறாயா, பெரிய நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழெட்டு நாளைத் தாண்டியும் நிற்கவில்லையா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? “நானும் இப்படித்தான் இருந்தேன், எனக்கென்ன ஆச்சு” என்கிறாள் அம்மா. அந்த அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நகம் வெளுத்திருக்கும், பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே இருப்பார், அதுவும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்தான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் என்பது ஆறுதல் சொல்வதற்கு உதவாது, டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், ரத்தம் உறையாத கோளாறு என்று இதில் பலவும் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியவை. பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்து தீவுகளில் ஒரு சிறுமி, மூக்கிலும் உதட்டிலும் பட்ட சின்னக் காயத்துக்குக்கூட நிற்காமல் ரத்தம் வடிந்தவள். அவளுடைய சகோதரிகள் சிலர் குழந்தையாக இருக்கும்போதே ரத்தப்போக்கால் இறந்திருந்தார்கள். எரிக் ஃபான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் அவளையும் அவள் குடும்பத்தையும் பரிசோதித்து 1926-ல் எழுதிய கட்டுரையால்தான் ரத்தம் சரியாக உறையாத அந்த நோய் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்தப் பெண் வயதுக்கு வந்து நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமலே இறந்துபோனாள். ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு மருந்து இல்லை, இன்றைக்கு இருக்கிறது. ஆனால் வயதுக்கு வந்த நாளிலிருந்தே ஊற்றுகிறது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், அடிக்கடி மூக்கில் ரத்தம், தொட்ட இடமெல்லாம் நீலம் கட்டுகிறது என்று ஒரு பெண் இருந்தால், அவளுக்கு ரத்தம் உறைகிற பரிசோதனை செய்ய வேண்டும் என்று நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வயதுக்கு வந்த ஆரம்பத்தில் தேதி முன்னே பின்னே வருவது சகஜம், அதற்காகப் பிள்ளை மயங்கி விழுகிற அளவுக்குப் போவதைச் சகஜம் என்று விட முடியாது.

மற்ற காரணங்களும் உண்டு. நார்க்கட்டி, சதை வளர்ச்சி, அடினோமயோசிஸ், அதாவது உள்சவ்வு கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்வது. தைராய்டு, நீர்க்கட்டி என்று நாம் சொல்கிற பிசிஓஎஸ், காப்பர்-டி, ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள். 45 வயதுக்கு மேல் திடீரென்று போக்கு அதிகமானாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலோ புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘நிற்கிற நேரம், அப்படித்தான் கொட்டும்’ என்று சொல்லி அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் இந்தக் கல்யாணப் பேச்சு. கல்யாணம் ஆகாத பெண்ணை லேடி டாக்டரிடம் கூட்டிப்போனால் ஊர் என்ன பேசும் என்று பயந்தே அம்மாக்கள் வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். சாதாரண வலி சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் குறைவது உண்மை, ஆனால் நோய்க்குக் கல்யாணம் மருந்து இல்லை, எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் குழந்தை நிற்பதே சிலருக்குக் கஷ்டமாகிறது. பெண்கள் பயப்படுகிற இன்னொன்று ஸ்கேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேன்தான் எடுப்பார்கள், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பரிசோதனையாக இருந்தாலும் சம்மதம் கேட்காமல் செய்யக்கூடாது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

மில் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்திப் பிரிவு, தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் பெயரில்லாத ஒரு மாத்திரையைக் கொடுத்து வேலையைத் தொடரச் சொல்வார், என்ன மாத்திரை, என்ன பக்கவிளைவு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரியாக இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அட்டையிலிருந்து பிரித்த மாத்திரையை யாருக்கும் கொடுக்காதே என்பது எங்களுக்கு முதல் பாடம். 500 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் மருத்துவப் பணியாளரோடு ஒரு முதலுதவி அறை இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த அறையில் யாருக்கு, எந்த மாத்திரை, எத்தனை முறை கொடுத்தோம் என்று நோட்டில் எழுதட்டும். ஒரே பெண் மாதாமாதம் வந்தால் அவளைச் சம்பளப் பிடித்தம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். கழிவறைக்கு எழுந்து போனால் திட்டுகிற இடத்தில் நாப்கின் எத்தனை இலவசமாகக் கொடுத்து என்ன பயன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பெண் அங்கே என்ன செய்வாள்?

சரி, டாக்டரிடம் போனால் என்ன சொல்வது என்று கேட்கிறார்கள். ‘ஓவர் ப்ளீடிங்’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் நிற்கிற கூட்டத்தில் அந்த ஒரு வார்த்தை தொலைந்துவிடும். ரெண்டு மூணு மாதம் காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள், எந்தத் தேதி ஆரம்பித்தது, எப்போது நின்றது, அதிகமாகப் போன நாளில் எத்தனை நாப்கின், கட்டி இருந்ததா, எத்தனை நாள் லீவு போட்டீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். நிலைமை மோசமாக இருந்தால் குறிப்புக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள், 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஆனால் 12 இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள், உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பு தீர்ந்துபோய்த்தான் ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும், அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அசதி, தலைமுடி கொட்டுவது, படபடப்பு இருந்தால் அதையும் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிகிச்சை என்றாலே கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறது, இன்னொரு பக்கம் ‘எடுத்துப்போட்டுட்டா தொல்லை விட்டுது’ என்று சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள். ரெண்டுமே என்னைக் கவலைப்பட வைக்கின்றன. அதற்கு முன்னால் எத்தனையோ வழி இருக்கிறது. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை ஹார்மோன் இல்லை, ரத்தம் போகிற நாட்களில் மட்டும் சாப்பிடுவது, போக்கை ஏறக்குறைய பாதி வரை குறைக்கும். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் 1960-களில் கண்டுபிடித்த மருந்து அது, பிரசவத்தில் ரத்தப்போக்கால் பெண்கள் சாகக்கூடாது என்று தேடியவர் அவர். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது, அதனால்தான் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்கிறோம். ஹார்மோன் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைக் கருத்தடை மாத்திரை என்று பார்த்துவிட்டு, என் பொண்ணுக்கு ஏன் இதை எழுதினார் என்று கோபத்தோடு கடைக்கு வருகிற அம்மாக்கள் உண்டு. வலிக்கும் போக்குக்கும் அது மருந்து, பின்னால் குழந்தை பிறப்பதை அது கெடுக்காது. ஹார்மோன் உள்ள வளையத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற முறையும் இருக்கிறது, முதல் சில மாதம் விட்டுவிட்டுச் சொட்டும், அப்புறம் பலருக்குப் போக்கு வெகுவாகக் குறைந்துவிடும், ஐந்து வருஷம் வரை வேலை செய்யும். ‘நான்தான் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிட்டேனே, எனக்கெதுக்கு லூப்’ என்று இதை மறுத்துவிட்டுக் கர்ப்பப்பையையே எடுக்கப் போகிற பெண்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அங்கே அது கருத்தடைக்காக வைப்பது இல்லை, ரத்தத்தை நிறுத்த.

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு அதுதான் சரியான வழி, அதில் நிம்மதி அடைந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வயதில் எடுத்து, கூடவே சினைப்பையும் போய்விட்டால், மாதவிடாய் நின்றவளின் உடம்பாகிவிடும், எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை. இந்தியாவில் கர்ப்பப்பை எடுத்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணமே அதிக ரத்தப்போக்கு அல்லது வலிதான் என்று 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்படுவது பற்றிய வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் அமல்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. எடுக்கச் சொன்னால் வேறு வழி என்னென்ன, சினைப்பையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், இன்னொரு டாக்டரின் கருத்தையும் வாங்குங்கள்.

திருவிழாவுக்கும் பாதயாத்திரைக்கும் முன்னால் மாதவிடாயைத் தள்ளிப்போடுகிற மாத்திரைக்கு வருகிற கூட்டத்தைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும். அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, பக்கத்து வீட்டுப் பெண் சாப்பிட்ட கணக்கில் நீங்கள் சாப்பிடாதீர்கள்.

அரசுக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பள்ளிக்கூடத்தில் நாப்கின் கொடுக்கிறோம், சத்து மாத்திரை கொடுக்கிறோம், நல்ல திட்டங்கள். கொடுக்கிற கையோடு செவிலியர் ஒவ்வொரு பிள்ளையிடமும் எத்தனை நாள் போகிறது, ராத்திரி மாற்றுகிறாயா, வலியால் லீவு போடுகிறாயா என்று கேட்கட்டும், ஆமாம் என்கிற பிள்ளையை அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்பட்டும். இதற்குப் புதிதாகக் கட்டடமோ இயந்திரமோ வேண்டியதில்லை. நீங்கள் ரத்தசோகைக் கட்டுரை போடும்போது இந்தக் கேள்விகளையும் கட்டம் கட்டிப் போடுங்கள். பெண்கள் பக்கத்தில் மட்டும் போடாமல், எல்லாரும் படிக்கிற பக்கத்தில் போடுங்கள்.

எல்லாரும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் கடைக்கு அட்டையோடு வருகிறவர்களில் ஆண்களும் நிறைய. அவர்களுக்கு ஒரு வார்த்தை. மனைவிக்காகவோ தங்கைக்காகவோ மகளுக்காகவோ வந்து வாங்குகிறீர்களே, அது பெரிய விஷயம், கூச்சப்பட வேண்டாம். அடுத்த மாதமும் அதே மாத்திரைக்கு வர வேண்டியிருந்தால் கடைக்கு வராதீர்கள், அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு நாள் கூலி போகும், தெரியும். எங்கே போவது என்று தெரியவில்லையென்றால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்துகொண்டே இருக்கிறது, கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, மயக்கம் வருகிறது என்றால், அல்லது நாள் தள்ளிப்போயிருந்த பெண்ணுக்கு ரத்தமும் கடுமையான வயிற்று வலியும் சேர்ந்து வந்தால், என்னிடமோ வேறு எந்தக் கடையிலோ மாத்திரை கேட்டு நேரத்தை வீணாக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல் மாவட்டம்.